அக்கா வாசலில் ஒரு கடல்

பரீட்சையில் சரியாக எழுதிவிட்டதாலேயே ஒரு விஷயம் நமக்குத் தெரிந்ததாக ஆகிவிடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எழுநூறு அடி ஆழமும், ஒரு வீட்டு விருந்தாளிகளின் காலைப் பலகாரமும் செலவாயின.

அப்போது நான் கோவையில் நிலவியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். கையில் சுத்தியல், கழுத்தில் லென்ஸ், மண்டையில் கனம். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பாறையைப் பற்றித்தான் பேசுவேன். (சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடமிருந்து தப்பிக்க, கிளம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் தாவி ஏறினார். அவர் ஊருக்கு அது போகாது.)

அக்காவைக் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பழைய போர்வெல்லில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. மட்டைகள் தொங்கிப்போய், குரும்பைகள் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தன. புதுசாக ஒரு போர் போட்டாக வேண்டும். ஒன்றுதான் அவர்களால் ஆகும். அது பொய்த்தால் அந்தக் கோடைக்குத் தோப்பு அவ்வளவுதான்.

அக்காவின் மாமனார், தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்ப்பவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோப்புக்குள் நடப்பார்கள். அது எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். அக்காதான் குறுக்கே விழுந்தாள்.

"எந்தம்பி இதுக்குத்தானுங்க மாமா படிக்கறான். அவனே வந்து பாக்கட்டுமுங்க."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அந்த வீட்டில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

தோப்பின் நடுவே வெள்ளைக் கல் ஒன்று பட்டையாகத் தரையில் தெரிந்தது. உடைத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்புக்கல்! எல்லோரையும் கூட்டிவைத்துப் பிரசங்கம் ஆரம்பித்தேன்.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடலுங்க மாமா. கடலடியில படிஞ்ச சுண்ணாம்பு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள பொந்து பொந்தா இருக்கும். அதுல தண்ணி நிக்கும்."

மாமனார் தன் காலுக்குக் கீழே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அப்ப உப்புத் தண்ணியா வந்துபோடாதுங்களா தம்பி?"

"இல்லீங்க, கடல் எப்பவோ போயிருச்சு."

"கடலே போயிருச்சுன்னா தண்ணி மட்டும் எப்படீங்க இருக்கும்?"

(இவ்வளவு நல்ல கேள்வியை என் பேராசிரியர்கள்கூடக் கேட்டதில்லை. விஷயம் தெரியாதவன் செய்வதையே நானும் செய்தேன். சிரித்துவைத்தேன்.)

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏங்கண்ணு, கெழக்கு வேலியோரம் பாத்தியா? இந்த வெள்ளக்கல்லும் கருங்கல்லும் சேர்ற எடம். சித்திரையிலகூட அங்க புல்லு பச்சையா நிக்குது. மாட்ட அங்கதான் கட்டறேன்."

"புல்லை வெச்செல்லாம் பாயிண்ட் சொல்ல முடியாதுக்கா."

"செரி, உனக்குத் தெரியாததா" என்று போய்விட்டாள்.

போர் போடும் ரிக் வண்டி வந்த அன்று காலையில் உடுமலைப்பேட்டையிலிருந்து சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். காலைப் பலகாரத்துக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் தயார். "உம்பட தம்பி பாத்த பாயிண்ட்டு, நீயே பத்த வையி அம்மணி" என்று மாமியார் கற்பூரத் தட்டை அக்கா கையில் கொடுத்தார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கற்பூரத்தைப் பற்ற வைத்தாள்.

நூறு அடியில் வெள்ளைத் தூள் வந்தது. முந்நூறு அடியிலும் அதே வெள்ளைத் தூள், காய்ந்த தூள். ஐந்நூறைத் தொடும்போது காற்று வீட்டுப் பக்கம் திரும்பியது. மாமனாரின் மீசை, மாமியாரின் பச்சைப் பட்டு, திண்டில் காய்ந்த மிளகாய், இலையில் வைத்த சந்தகை, எல்லாம் வெள்ளை. பந்தி முழுவதும் பஞ்சு மில்லில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தது. கறுப்புக் கோழி ஒன்று நிறம் மாறியதால் அதன் குஞ்சுகளே அதைக் கண்டு ஓடின.

"ஏனுங்க, ஈரமே காணமுங்க. போகட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?" என்றார் ரிக் ஆள். அத்தனை வெள்ளை முகங்களும் என்னைத் திரும்பிப் பார்த்தன.

"போகட்டும்" என்றேன். எழுநூறு அடி வரை போனது.

அப்புறம்தான் ஒரு சிட்டிகைத் தூளை லென்ஸில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. (பாயிண்ட் சொல்லும் முன்பே பார்த்திருக்க வேண்டும். லென்ஸ் கழுத்தில்தானே தொங்கியது!) சர்க்கரை போல இறுகிப் பிணைந்த மணிகள், நடுவே பச்சைத் துணுக்குகள், கரும்புள்ளிகள். பொந்தாவது, சங்காவது!

அது கடலில் படிந்த கல்தான், பொய்யில்லை. ஆனால் பின்னாளில் மலைகள் எழும்பியபோது அது பூமிக்குள் ஆழமாகப் போய், நசுங்கி, வெந்திருக்கிறது. சேற்றுக்குள் பிடித்துவைத்திருந்த தண்ணீரெல்லாம் முதலில் வெளியேறியது. சுண்ணாம்பும் மணலும் சேர்ந்து வேறு கனிமமாக மாறியபோது, சுண்ணாம்புக் காளவாயில் போவதைப் போலக் கரியமில வாயுவும் போய்விட்டது. கடல் உயிர்களின் மிச்சம் கரும்புள்ளியாகச் சுருண்டது. இடைவெளிகள் மூடிக்கொண்டன. விரிசல் விழுந்த இடம் தவிர, சொட்டுத் தண்ணீருக்கும் அதில் இடமில்லை. 'மலையாக்கத்தின்போது கடற்படிவுப் பாறைகளின் வேதியியல் மாற்றங்களை விவரி' என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்திருந்தது. பதினைந்துக்குப் பதினான்கு வாங்கியிருந்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து மரியாதை அப்படி. "சாப்புட்டுட்டுப் போங்க தம்பி" என்றார் மாமனார். மாமியார் மட்டும் அக்காவிடம், "படிச்ச புள்ளையின்னு நம்பிப்போட்டமே அம்மணி" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழுந்தது அவளுக்கு; நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அந்தக் கோடையில் நாற்பது மரங்கள் கொண்டை சாய்ந்தன. மறு வருஷம் அக்கா சொன்ன வேலியோரத்தில் போர் போட்டார்கள். இரண்டு கல்லும் சேரும் இடத்தில் பாறை விரிசல் விட்டுக் கிடந்திருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் அடியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நியாயம்தான்.

பதின்மூன்று வருஷமாகிறது. அக்கா பிள்ளைகளுக்கு நான் 'கடல் மாமா'. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில், "நம்ம தம்பிக்குத் தண்ணி வெக்காதீங்க, அவுரு கடலையே கையில வெச்சிருக்கறாரு" என்று அக்காவின் கணவர், என் மச்சான், ஆரம்பித்துவிடுவார். இலைக்கு இலை சிரிப்பு தொடரும். நானும் சிரிப்பேன்.

அக்கா மட்டும் போரிலிருந்து வந்த அந்த வெள்ளைத் தூளைப் பற்றி எதுவும் பேசியதில்லை. அன்றைக்கே பன்னிரண்டு மூட்டை கட்டிவைத்துக்கொண்டாள். அதில்தான் தினமும் வாசலில் கோலம் போடுவாள். போன பொங்கலுக்குப் போனபோது வாசலை அடைத்து ஒரு தேர்க்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மூட்டை காலியாகச் சுருண்டு கிடந்தது. அன்றுதான் எனக்கு வாய் வந்தது.

"அன்னிக்கு நீ சொன்ன எடத்தப் பாத்திருக்கணும்க்கா. உன்ன இந்த ஊட்டுல தல குனிய வெச்சுப்போட்டேன்."

அவள் நிமிரவில்லை, இழை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"பொறந்தூட்டுச் சீருல இத்தன வருஷம் நின்னது இது ஒண்ணுதான். மிதிச்சுப்போடாத கண்ணு, தாண்டி வா."