கோயில் ஸ்பீக்கரும் என் ஆங்கிலப் பாடமும்

ஆசிரியர்களில் இரண்டு வகை உண்டு. கருவி வேலை செய்யாவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பாடம் நடத்துபவர்கள் ஒரு வகை. பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கருவியோடு மல்லுக்கட்டுபவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகைக்கு மாவட்டத் தலைவியாக இருந்தவள். (இப்போது திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். கணவர் படித்தால் சிரிப்பார்.)

அப்போது நான் மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒப்பந்த வேலை. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரமாகும். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம். இது மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனை இல்லை. சித்தியவானில் இருந்த முரளி, பாவம், எப்போது சொன்னாலும் வேட்டி கட்டிக்கொண்டு வரத் தயாராக இருந்தார். நிபந்தனை போட்டது ஈப்போவில் இருந்த என் அம்மா.

“கடுதாசி கையில வரட்டும், அப்பறம் மண்டபம் பாக்கலாம்லா. ஒப்பந்தத்த நம்பி பத்திரிகை அடிக்க முடியுமா?” என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த ஒரு வகுப்பில் நான் ஜெயித்தே ஆகவேண்டும். அதிகாரி தொழில்நுட்பத்தோடு ஆங்கிலம் கற்பிப்பதைத்தான் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், பள்ளியில் மின்சாரத்தில் ஓடும் எதையும் விட்டுவைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கேட்டல் பயிற்சிதான் பாடம். இணையத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவை இறக்கி வைத்திருந்தேன். அதில் லண்டனில் ஹாரிஸ் என்பவர் ஒரு ஹோட்டலுக்குப் போன் போட்டு அறை கேட்பார். யார் பேசுகிறார், எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று நான் ஆங்கிலத்தில் கேட்பேன். பிள்ளைகள் பதில் சொல்லச் சொல்லத் திரையில் படங்கள் மாறும். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லண்டனில் அறை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளைக்காரக் குரல் கேட்டால் அதிகாரி அசந்துபோவார் என்று மட்டும் தோன்றியது. அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருமுறை ஒத்திகை பார்த்தேன், முதல்நாள் மறுபடியும் பார்த்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் “மிஸ்டர் ஹாரிஸ்” என்பார்கள். (ஒத்திகை பார்க்காத ஆசிரியர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். யாரும் தூக்கமாட்டீர்கள், தெரியும்.)

ஒரே குறை, பள்ளி ஸ்பீக்கர். போன மாதம் விழுந்த இடியில் அது செத்துப்போயிருந்தது. ஆனால் எங்கள் பள்ளியில் எது இல்லாவிட்டாலும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயிலிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நாற்காலி, பந்தல், அண்டா எல்லாம் அப்படித்தான் வரும். முன்கூட்டிக் கேட்கக்கூட வேண்டாம், பிறகு சொன்னால் போதும். சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று அங்கே இருந்தது. இடுப்பு உயரம், கீழே சக்கரம், முகப்பில் ஊதாவும் பச்சையுமாகச் சுழலும் விளக்குகள். அதைத் தள்ளிக்கொண்டு வந்து என் போனோடு இணைத்தேன். இரண்டு ஒத்திகையிலும் தங்கமாக வேலை செய்தது.

அதன் உண்மையான சொந்தக்காரர் கோயில் செயலாளர் காளியப்பன் அண்ணே. பகலெல்லாம் செம்பனைக்குலை லாரி ஓட்டுபவர். ஒத்திகை நாட்களில் அவர் லாரியில் எங்கோ போய்விட்டார். அதிகாரி வரும் நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டு, விருந்தாளிக்கு மட்டன் சமைக்கிறேன் என்று என் வகுப்புக்குப் பின்னால் இருந்த சிற்றுண்டிச்சாலையில் வந்து நின்றார். எனக்காக ஊரே உதவுகிறது என்று நினைத்துப் பூரித்துப்போனேன். ஸ்பீக்கர் என் போனைவிட அவர் போனோடுதான் பழைய பழக்கம் என்பதை யோசிக்கவில்லை.

அதிகாரி புவான் ரோஸ்னா மலாய்க்காரர். (மலாயில் புவான் என்றால் மேடம்.) தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. பின்வரிசையில் தினேஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆங்கிலப் பாடவேளையில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத பிள்ளை தினேஷ்.

“இப்போது நாம் ஒரு தொலைபேசி உரையாடலைக் கேட்கப்போகிறோம்,” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

“மிஸ்டர் ஹாரிஸ், டீச்சர்,” என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். நான் இன்னும் எதையும் தட்டியிருக்கவில்லை.

சிரித்துச் சமாளித்துவிட்டுப் போனைத் தட்டினேன். ஸ்பீக்கர் கொர்ரென்று இரைந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ‘பீப்’ என்று இணைந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நாதஸ்வரம் முழங்கியது. கூடவே தவில். பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கைகூப்பினார்கள். காளியப்பன் அண்ணேயின் போன் அழைப்பு மணி அது. ஸ்பீக்கர் என்னை மறந்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தன் முதலாளியோடு சேர்ந்துகொண்டது. அவரும் போனை எடுத்துவிட்டார்.

“ஏங்க, மட்டன்ல உப்பு பாத்தீங்களா?” என்றது ஸ்பீக்கர், வகுப்பே அதிர.

ஜன்னலுக்கு வெளியே காளியப்பன் அண்ணே, “ஹலோ, ஹலோ, சத்தமே வரலயே,” என்று போனைக் காதில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வி அக்காவின் குரல் முழுவதும் எங்களிடம் இருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி ஸ்பீக்கரை அணைத்திருப்பாள். நான் அணைக்கவில்லை. எனக்கு வேண்டியது தொலைபேசி உரையாடல். வந்திருப்பதும் தொலைபேசி உரையாடல்தான். லண்டன் இல்லாவிட்டால் என்ன, பாடம் நடந்தே தீரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

“ஹூ இஸ் ஸ்பீக்கிங்?”

“மை மதர், டீச்சர்,” என்றாள் யாழினி. செல்வி அக்காவின் மகள்.

“வேர் இஸ் ஷீ?”

“மை ஹவுஸ், டீச்சர். கிச்சன்.”

புவான் ரோஸ்னா பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த தினேஷிடம் தாமே குனிந்து, அந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தினேஷ் அவர் முகத்தைப் பார்த்தான். இவருக்கு நிஜமாகவே தெரியாது என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்றான்.

“ஷீ ஆஸ்க் மட்டன், புவான். சால்ட் ஓகே ஆர் நாட்.”

“மட்டன் ஃபார் ஹூ?” என்றார் அவர்.

“ஃபார் யூ, புவான்.”

வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார். நான் கிட்டத்தட்ட நிரந்தர ஆசிரியையாகிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து செல்வி அக்கா தொடர்ந்தார்.

“அந்த ஆபீசரம்மா ரொம்ப கறாராம்ங்க. நல்லா சாப்பாடு போட்டா எளகிருவாங்க. டீச்சர் பாவம், நேத்தும் இதே பாடம், முந்தாநேத்தும் இதே பாடமாம், யாழினி சொன்னா. பிள்ளைங்களுக்கு எல்லாம் மனப்பாடம். பாஸ் ஆயிரும்லா.”

நான் ஸ்பீக்கர் மேல் பாய்ந்தேன். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது விளக்குப் பொத்தான். வகுப்பு முழுக்க ஊதாவும் பச்சையும் சுழன்றன.

“வாட் டிட் ஷீ சே?” என்றார் புவான் ரோஸ்னா.

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தினேஷ் மட்டும் பார்க்கவில்லை. அவனுக்கு வாய் திறந்துவிட்டது, இனி யார் மூடுவது?

“ஷீ சே யூ வெரி ஸ்ட்ரிக்ட். பட் ஈட் ஆல்ரெடி, ஓகே.” மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தான். “அண்ட் டீச்சர் சேம் லெஸன் யெஸ்டர்டே. யெஸ்டர்டே யெஸ்டர்டே ஆல்சோ.”

நான் ஸ்பீக்கரில் இருந்த மைக் பக்கம் குனிந்து, “அக்கா, போன வைங்க,” என்றேன்.

“யாரு, டீச்சரா? பாடம் நல்லா போவுதாம்மா?”

“நல்லா போவுதுக்கா.”

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் அறையில் புவான் ரோஸ்னா என்னை உட்காரச் சொன்னார். தொழில்நுட்பப் பயன்பாடு என்ற இடத்தில் பலவீனம் என்று எழுதியிருந்தார். அதை எதிர்பார்த்திருந்தேன். பிறகு அவர் கோபமே இல்லாமல், மலாயில் ஆசிரியரைக் கூப்பிடும் முறையில், “சிக்கு, இந்தப் பிள்ளைகளுக்குப் பேச வருகிறதே. அப்புறம் ஏன் மனப்பாடம் செய்ய வைத்தீர்கள்?” என்று கேட்டார். அவமானத்தைத் தாங்கிக்கொண்டேன், அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. தினேஷ் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான். அதுவும் என் பாடம் நாசமாய்ப் போனதால். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்த பள்ளித் தவணையில் மீண்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். (போவதற்கு முன் மட்டனை இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். அப்படியும் இளகவில்லை.)

அடுத்த தவணை என்றால் கல்யாணமும் அடுத்த வருஷம். முரளியிடம் போனில் சொன்னபோது முதலில் சிரித்தார், பிறகுதான் எத்தனை மாதம் என்று எண்ண ஆரம்பித்தார். அம்மா சிரிக்கவே இல்லை. காளியப்பன் அண்ணே வாசலில் வந்து நின்று, “டீச்சர், சத்தியமா எனக்கு ஒண்ணுமே கேக்கல,” என்றார். அவருக்குக் கேட்காததுதான் பிரச்சினை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

ஆனால் நான் விடவில்லை. ஹாரிஸை அழித்தேன். அந்தத் தவணை முழுக்க வாரம் ஒருநாள் என் போனில் பிள்ளைகளே ஊரில் யாரிடமாவது தமிழில் பேசுவார்கள். லாரி எங்கே நிற்கிறது, கடையில் மீன் வந்ததா, கோயிலில் எப்போது பூசை என்று கேட்பார்கள். தமிழ் தெரியாத சீன ஆசிரியை ஒருவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்டதையெல்லாம் அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். நான் வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் எனக்கு நான் போட்ட கட்டளை. புவான் ரோஸ்னா இரண்டாம்முறை வந்தபோது அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார். பாடவேளை முடிந்து மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

கடிதம் வந்தது. அம்மா அதை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குச் சொன்னார்.

ஈப்போவில் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீரோடு அம்மா நின்றார். தனியாக ஒரு வெள்ளித் தட்டும் வைத்திருந்தார். அது காளியப்பன் அண்ணேக்கு மட்டும். “உள்ள மைக்செட் இருக்கு தம்பி, போன அமத்திட்டு இதுல வச்சிருங்க,” என்றார். அவர் மறுபேச்சு பேசாமல் வைத்தார். அம்மா அதை எடுத்து, உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

அண்ணேக்குப் பின்னால் வந்த முரளியின் பெரியப்பா குடும்பத்துக்கு விஷயம் தெரியாது. பெண் வீட்டு வழக்கம்போலிருக்கிறது என்று நினைத்து, வரிசையாகத் தங்கள் போன்களை அணைத்து, கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அம்மா யாரையும் திருத்தவில்லை. இன்று எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷமானாலும் வாசலில் அந்தத் தட்டு இருக்கும். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் யாரோ அதில் வெற்றிலை பாக்கும் வைத்திருந்தார்கள்.