புலி மூன்று, ஆடு பதினைந்து, கல்யாணம் பாக்கி

எலப்புள்ளி,
9-5-1976, ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய அக்கா வள்ளியாத்தாள் அவர்களுக்கு,

தம்பி சென்னியப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் காளியாத்தாளும் மாடு கன்றுகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கு தாங்களும் சுகம், மச்சானின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது என்று கேட்டால் எங்களுக்குச் சோறு இறங்கும். மகள் மயிலாத்தாளும் சுகந்தான். அவளால்தான் எனக்குச் சுகமில்லை.

தாங்கள் பார்த்துக் கொடுத்த கொழிஞ்சாம்பாறை வரனைப் பற்றி மூன்று மாதமாக ஒரு வரியும் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். எழுதாததற்குக் காரணம், எழுதினால் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதுதான். தை கடைசி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பனார் பொங்கியண்ணன் பெண் பார்க்க வந்தார். மாப்பிள்ளை அர்த்தநாரிக்கு அன்றைக்கும் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வேலை, முடித்துவிட்டு நேராக வந்துவிடுவார் என்றார்கள். மழையைப் பற்றிப் பேசினோம், உர விலையைப் பற்றிப் பேசினோம், அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடவில்லை. அவர் கண் வேப்ப மரத்தடியில் கிடக்கும் பலகைக்கல்லின் மேல் போயிற்று. வீடு கட்டும்போது கல்லுடைக்க வந்தவர்கள் அதில் ஆடுபுலிக் கட்டம் கொத்தி வைத்துவிட்டுப் போனது தங்களுக்கும் தெரியும்.

"ஏனுங்க, பையன் வர்ற வரைக்கும் ஒரு ஆட்டம் போட்ரலாமுங்களா?" என்றார். நான் சரி என்றேன். அக்கா, என் ஆயுசில் நான் சொன்ன 'சரி'களில் இவ்வளவு தூரம் வந்து நின்றது வேறு ஒன்றும் இல்லை.

மூன்று கூழாங்கல் அவருக்குப் புலி, பதினைந்து புளியங்கொட்டை எனக்கு ஆடு. முதல் ஆட்டத்தில் என் ஆடுகளைத் தாண்டித் தாண்டித் தின்று ஏப்பம் விட்டார். இரண்டாவதும் அப்படியே. "எம்புலிய அடைச்ச ஆளு சித்தூர் தாலூக்காவுலயே கெடையாதுங்" என்று மீசையை நீவினார். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் மயிலாத்தாள் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் காப்பி கொண்டுவந்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வெச்சுட்டுப் போ கண்ணு" என்றார். காளியாத்தாள் அடுக்களையிலிருந்து, "பொண்ணப் பாக்க வந்தாங்களா, புளியங்கொட்டையப் பாக்க வந்தாங்களா?" என்று எனக்குக் கேட்கும்படி கேட்டாள். மயிலாத்தாள் தம்ளரை வைத்தவள் போகாமல் நின்று கட்டத்தைப் பார்த்தாள். "அப்பா, ஓரத்துல நிக்கற ஆட்ட ஒரு கட்டம் மேல ஏத்துங்க" என்றாள். ஏற்றினேன். புலி மூன்றும் அசைய வழியில்லாமல் நின்றன. பொங்கியண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெண் பார்க்கும் சடங்கு அந்த மட்டில் நடந்தது.

"நீ உக்காரு கண்ணு" என்றார். நான் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கும்போது பெண் சம்மணம் போட்டு அவர் அப்பாவை மூன்றாவது முறையாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்படியே நின்று பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, "எனக்குப் புடிச்சுருக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். காளியாத்தாள் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவிட்டாள். ஆனால் பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பொண்ணு தங்கமுங்க. ஆனா ஒரே ஒரு ஆட்டம் நான் செயிச்சுட்டுத்தான் தட்டு மாத்துவேன். தோத்துட்டுப் போயி மருமகளக் கூட்டியாந்தான்னு ஊருல ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மகனோடு வருகிறார். ஞாயிறு தவறாமல் தோற்கிறார். ஒரு வாரம் புலியை அவளிடம் கொடுத்து ஆட்டைத் தான் வாங்கிப் பார்த்தார்; அரை மணி நேரத்தில் பட்டி காலி. பங்குனியில் ஒரு நாள் அவர் கை ஓங்கி, இன்னும் இரண்டு ஆடு தின்றால் ஜெயம் என்று நிற்கும்போது, எங்கள் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கல்லின் மேலிருந்த புளியங்கொட்டை மூன்றை நக்கி விழுங்கிவிட்டது. "தின்னாச்சு, தின்னாச்சு, செயிச்சுட்டேன்!" என்று குதித்தார். மயிலாத்தாள், "புலி தின்னாத்தானுங்க மாமா கணக்கு, ஆடு தின்னாச் செல்லாதுங்க" என்று கல்லைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அவர் கோபத்தில் சாப்பிடாமலே போனார். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது என்று காளியாத்தாள் அழுதாள். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

போன வாரம் கிணற்றடியில் மாப்பிள்ளை அவளிடம் கெஞ்சுவதைத் தொட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்டது தப்புத்தான். "ஒரே ஒரு ஆட்டம் உட்டுக் குடுக்கக் கூடாதுங்களா? ஞாயித்துக்கெழம லீவு கேட்டுக் கேட்டு சூப்பர்வைசர் மொகத்துலயே முழிக்க முடியலீங்க" என்றார். இவள் சொன்னாள்: "உட்டுக் குடுத்தா மாமாவுக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. அப்புறம் எங்கூட எப்பவுமே ஆட மாட்டாருங்க." அதற்கு மாப்பிள்ளை, "எங்கம்மா இருந்தப்ப அவங்க ரெண்டு பேருந்தான் ஆடுவாங்க. அம்மா போயி ஆறு வருசமாச்சு. அப்பா சத்தம் போட்டுச் சண்டை புடிக்கறதே இப்ப உங்கூட்டு வாசல்லதானுங்க" என்றார். அவளைத் திட்டலாம் என்று குடத்தைச் சாக்காக எடுத்துப் போயிருந்த நான் காலிக் குடத்தோடு திரும்பி வந்தேன்.

ஆனாலும் அக்கா, ஆனி போனால் ஆடி. கல்யாண மண்டபக்காரர் தேதி கேட்டு ஆள் மேல் ஆள் விடுகிறார். நான் சொன்னால் கேட்கமாட்டாள். தாங்கள் சொன்னால் கேட்பாள். கடிதம் கண்டதும் தாங்கள் ஒரே ஒரு வரி அவளுக்கு எழுத வேண்டும்: 'ஒரு ஆட்டம் தோற்றுவிடு கண்ணு.' இன்றும் வருவார்கள், இன்றும் ஒன்றும் நடக்காது. தங்கள் கையெழுத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

மச்சானுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தாங்கள் இரண்டு பேரும் நூறு வயது இருந்து எங்களை அதட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
சென்னியப்பன்

பின்குறிப்பு: அக்கா, அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள், இன்றைக்குப் பொங்கியண்ணன் ஜெயித்தே விட்டார். அவள் விட்டுக் கொடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன், நேர்மையான தோல்வி. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டக் கொண்டாங்க" என்றார். காளியாத்தாள் ஓடினாள். மயிலாத்தாள் தட்டின் மேல் கையை வைத்துவிட்டாள். "இன்னோரு ஆட்டம் மாமா. தோத்துட்டு உங்கூட்டுக்கு வரமாட்டேனுங்க" என்றாள். அவரும், "அது நாயந்தான் கண்ணு" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். தோற்றவர் இன்னொன்று கேட்டுக் கேட்டு, இது நான்காவது ஆட்டம். காளியாத்தாள் மகளுக்குப் பின்னால் நின்று ஆட்டை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் ஏதோ தீய்கிறது. கல்யாணம் வைகாசிக் கடைசி வியாழக்கிழமை. மாப்பிள்ளையும் நானும் அடுக்களையில் உட்கார்ந்து நாங்களாகவே தட்டு மாற்றிக்கொண்டோம். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்கள் வந்து சொல்லுங்கள்.