கப்பல்காரனிடம் வண்டி நம்பர் கேட்டேன்

நாமக்கல்,
கார்த்திகை 14

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் பூபதி அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் தண்டாயுதபாணி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்கா, மகள் கிருத்திகா மூவரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. ஆத்தூரில் நீங்களும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள், ஜவ்வரிசி ஆலையும் இந்த மழையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடம் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. முழுதும் படிக்கவும்.

விஷயம் என்னவென்றால், மாப்பிள்ளை, ஊர் உலகத்தையே ஏமாற்றுகிற ஒரு திருடனை எட்டே நாளில் ஓட ஓட விரட்டிவிட்டேன்.

கிருத்திகா ஆடி மாதம் ஜவுளிக் கம்பெனியில் போர்வைக்கு டிசைன் போடுகிற வேலையை விட்டுவிட்டு, இனிமேல் படம் வரைந்துதான் பிழைப்பேன் என்று மாடி அறையில் போய் உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியும். "உன் மக சாப்பிட்டாளா?" என்று உங்கள் அக்காவிடம் நான் கேட்பேன். "அவங்க மாத்தர போட்டாங்களாம்மா?" என்று அவள் கேட்பாள். நாலு மாதமாக நான் மாடிப்படி ஏறவில்லை. முழங்கால் வலி என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். இப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏனுங்க, நம்ம புள்ளகிட்டப் படம் கேட்டு ஒரு வெள்ளைக்காரர் மெயில் போட்டிருக்காராமுங்க!" என்றாள். முழங்கால் எங்கே போயிற்றோ தெரியாது, நான் மாடியில் நின்றேன். கிருத்திகா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, படித்துத் தமிழில் சொன்னாள். அந்த ஆள் கப்பலில் என்ஜினியராம்; அவருடைய மனைவி இவள் படங்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்; கல்யாண நாளைக்கு அவளுக்கே தெரியாமல் ஐந்து படம் வாங்கித் தர வேண்டுமாம், விலை என்னவானாலும் சரியாம். எனக்கு அந்த நிமிடமே சந்தேகம்தான், மாப்பிள்ளை. சந்தேகத்தோடுதான் தெருவில் ஏழு வீட்டுக்குச் சொன்னேன். டீக்கடை சின்னான் சந்தோஷப்பட்டு அன்றைக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. அந்த டீயையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

மறுநாள் முதல் கோளாறு தெரிந்தது. ஒரு படம் இருபதாயிரம் என்று கிருத்திகா எழுதினாள், அவன் உடனே சரி என்றான். முப்பத்தொரு வருஷம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தினவன் நான். சொன்ன வாடகையை அப்படியே ஒப்புக்கொள்கிற சரக்குக்காரன் கடைசியில் அந்த வாடகையைக் கொடுத்ததே கிடையாது. அப்புறம் பார்த்தால், எல்லாக் கடிதத்திலும் 'அன்புள்ள ஓவியரே' என்றுதான் இருக்கிறது, நம் பிள்ளையின் பெயரே இல்லை. "எந்தப் படம் வேணும்னு கேளு சாமி" என்றேன். நான்கு மாதத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசியது அதுதான். உங்களுடைய அழகான படங்கள் என்று பதில் வந்தது. மாப்பிள்ளை, அவள் வரைந்து வைத்திருப்பது முழுக்கக் கோழிப்பண்ணை. அவன் எழுதியதில் கோழி என்ற சொல்லே இல்லை. மணிக்கணக்காகப் பார்த்த பெண்டாட்டி ஒரு கோழியைக்கூடவா பார்த்திருக்க மாட்டாள்?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மூன்றாம் நாள் எழுதினான்: இரண்டு லட்சத்துக்குச் செக் அனுப்பிவிட்டானாம், அதில் நம் லட்சம் போக மீதி லட்சத்தை, படங்களை எடுக்க வருகிற அவனுடைய டிரான்ஸ்போர்ட் ஏஜெண்டுக்கு நாம் கட்டிவிட வேண்டுமாம், செக் வந்து சேரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே கட்ட வேண்டுமாம். கிருத்திகா வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருப்பதே ஒரு லட்சத்துச் சொச்சம். அது போனால் மாடி அறையும் இல்லை, படமும் இல்லை, மறுபடியும் போர்வைதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் பணம் என் புத்தியில் ஏறவில்லை. நாமக்கல்லில் சரக்கு எடுக்க வெளி ஏஜெண்டா? என் வீட்டுச் சரக்கை எவனோ ஒருத்தன் வண்டியில் ஏற்றிவிட்டு நான் எப்படி ஊரில் தலைகாட்டுவது? "எழுது சாமி. நம்ம செங்கோடன் வண்டி இருக்குது, தார்ப்பாய் புதுசு, பாதி வாடகைக்கு நாங்களே கொண்டாந்து எறக்கறோம்னு எழுது" என்றேன். முடியாது, ஏஜெண்ட்தான் வருவார் என்றான். அப்படியானால் வண்டி நம்பர் என்ன என்றேன். டிரைவர் பெயர், லைசென்ஸ், ஆர்.சி. புக், எஃப்.சி. என்றைக்கு முடிகிறது, நேஷனல் பெர்மிட் உண்டா, ரிட்டர்ன் லோடு எங்கே பிடிக்கிறார்கள் என்று தினம் மூன்று கடிதம் போட்டோம். எனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல மறுபேச்சில்லாமல் இங்கிலீஷில் தட்டினாள். நடுநடுவே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளை பயந்திருக்கிறது என்று நினைத்தேன். ஏழாம் நாள் கடைசிக் கேள்வியைப் போட்டேன். ஐயா, கப்பலிலேயே வேலை பார்க்கிற உங்களுக்குச் சரக்கு ஏற்ற ஏஜெண்ட் எதற்கு? கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள், செங்கோடன் அங்கேயே வந்து நிற்பான்.

எட்டாம் நாள் பதில் வந்தது. "தயவு செஞ்சு இனிமே எனக்கு மெயில் போடாதீங்கன்னு எழுதியிருக்கானுங்கப்பா" என்றாள் கிருத்திகா. அதற்குப் பிறகு நாங்கள் போட்ட இரண்டும் போய்ச் சேராமல் திரும்பி வந்துவிட்டன. திருடன் நம்மைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டான், மாப்பிள்ளை! எந்த ஊரிலாவது இப்படி நடந்ததுண்டா? நம் பக்கம் பத்துப் பைசா போகவில்லை. போன மாதம் காதுகுத்தில், "மாமாவுக்கு லாரிய உட்டா வேற என்னங்க தெரியும்?" என்று சபையில் வைத்துக் கேட்டீர்கள். லாரி தெரிந்தாலே போதும் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள். திருச்செங்கோட்டு அர்த்தநாரி உங்கள் குடும்பத்தையும் ஆலையையும் காக்கட்டும். இந்த மாதிரி மெயில் ஏதாவது ஆலைக்கு வந்தால், நீங்களாகப் பதில் போடாமல் என்னிடம் அனுப்பவும்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதைக் கிருத்திகாவிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள் கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்கப்பா, அது திருட்டு மெயிலுன்னு மொத நாளே எனக்குத் தெரியுமுங்க. வாரத்துக்கு ரெண்டு வருது. சிரிக்கறதுக்குத்தான் அம்மாகிட்டச் சொன்னேன்" என்றாள். "அப்பறம் ஏன் சாமி எட்டு நாளா உக்காந்து தட்டுன?" என்று கேட்டேன். "அழிக்கப் போறப்பத்தான் நீங்க மேல வந்தீங்க. அழிச்சுட்டா எறங்கிப் போயிருவீங்களேன்னு..." என்றாள். நான் அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம். ஆகவே நான் விரட்டினேன், நான் கண்டுபிடித்தேன் என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இன்றைக்கு மெயில் எதுவும் வரவில்லையாம். இருந்தாலும் மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.