கையில் வாங்காத கடதாசி

ஸ்காபரோவில் குளிர்காலத்திலும் வாடாத ஓர் இனம் உண்டு. அதற்குப் பெயர் 'தொடாதேங்கோ அண்ணை'. கொத்துரொட்டிக் கடை வாசலில், செத்தவீட்டுக்குப் போனால் பார்க்கிங் லொட்டில், பூசை முடிந்து ஆட்கள் கலையும் சேர்ச் படிகளில் அவரைக் காணலாம். உங்களுக்குக் கோட்டிலிருந்து வழக்குக் கடிதம் வந்திருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், தேத்தண்ணிக் கோப்பையைக் காரின் கூரையில் வைப்பார், சுற்றுமுற்றும் பார்ப்பார், குரலைத் தாழ்த்துவார், பிறகு கனடாச் சட்டம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தந்துவிடுவார்.

"கையில வாங்கினாத்தான் கேஸ்."

இந்த இனத்தில் நானறிந்த சிறந்த மாதிரி அருள்நாயகம் அண்ணை. தகுதி? ஒருமுறை, காரை வேகமாக ஓட்டியதற்கு எழுதின ஸ்பீடிங் ரிக்கற்றுக்காகக் கோட்டுக்குப் போனார். ரிக்கற் எழுதிய பொலிஸ்காரர் அன்று வரவில்லை. அண்ணை வென்றார். வராதவர் தோற்பார் என்பதுதான் அந்த வழக்கின் ஒரே பாடம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொண்டு வந்தார்.

மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தவர் கிளடிஸ் அன்ரி. தன் மகன் குடிவரப் போகிறான், வீட்டை விடுங்கள் என்று மேலே வசித்த வீட்டுக்காரர் அறிவித்தல் அனுப்பினார், பின்னாலேயே வாடகை வழக்கு விசாரணைக்கு நாள் குறித்தும் கடிதம் வந்தது. அந்த மகனோ வேறொரு மாகாணத்தில், கல்கரியில் வீடு வாங்கி, குடிபூரல் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான்; அதற்கு அன்ரியே இதயமும் போட்டிருந்தார். விசாரணையில் அந்தப் படத்தைக் காட்டினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? அன்ரிக்கும் தோன்றியது. அவர் யோசனை கேட்ட அண்ணைக்குத் தோன்றவில்லை. விசாரணைக்குப் போனால் கடதாசி கிடைத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்.

அன்று தொடங்கியது சடங்கு. கதவிடுக்கால் வந்த உறைகளை அன்ரி விரல் படாமல், வீடு கூட்டும் தும்புத்தடியால் வெளியே தள்ளினார், கைரேகை விழக்கூடாதாம். யாராவது தட்டினால் ரீவியை நிறுத்தி, விளக்கை அணைத்து, தன் வீட்டுக்குள்ளேயே ஒரு திருடியைப்போல மூச்சடக்கி நின்றார். விசாரணை நாள் வந்தது, போனது. தீர்ப்பு வந்தது, தும்புத்தடி அதையும் தள்ளியது. கடைசியில், தீர்ப்புப்படி ஆட்களை வீட்டைவிட்டு எழுப்ப வரும் ஷெரிஃப் அலுவலகத்தின் அறிவித்தல் கதவிலேயே ஒட்டப்பட்டது. அன்ரி உடனே அண்ணைக்குப் போன் எடுத்தார்.

"கதவுக்குத்தான் குடுத்திருக்கிறாங்கள் தங்கச்சி, உமக்கில்லை. பேசாமல் இரும்."

ஷெரிஃப் என்றதும் குதிரையையும் தொப்பியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். வந்தவர் தடித்த கண்ணாடி போட்ட, சளி பிடித்த ஒரு பெண் அதிகாரி. கூடவே பூட்டு மாற்றுகிறவர். தட்டினார்கள். அன்ரி விளக்கை அணைத்தார். பூட்டைத் துளைக்கும் சத்தம் கேட்டது. சட்டம் உள்ளே வந்து விளக்கைப் போட்டது.

அதிகாரி பணிவாகத்தான் பேசினார். அவசியமானதை இப்போது எடுக்கலாம், மிச்சச் சாமானுக்கு வீட்டுக்காரர் பிறகு கதவு திறந்துவிட வேண்டும் என்றார். அன்ரி கல்கரிப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அதிகாரி அதை நீண்ட நேரம் பார்த்தார். இது விசாரணையில் காட்டியிருக்க வேண்டிய படம், தனக்கு வந்த கட்டளை பூட்டை மாற்றுவது மட்டும்தான் என்றார்.

மாதா சுரூபத்தை ஒரு கையில் அணைத்தபடி, வீட்டு வாசலில் கார் விடும் ட்ரைவ்வேயில், பனிக்குள் நின்று அன்ரி அண்ணைக்கு அழைத்தார். அடித்தது. மறுபடி அடித்தது. அண்ணை எடுக்கவில்லை. கையில் வாங்காதவரைக்கும் அது அவருடைய கேஸ் இல்லையே.

அடுத்த ஞாயிறு சேர்ச் படிகளில் நின்று அவர் காரணம் விளக்கினார்.

"நான் சொன்னதை அவ ஒழுங்காச் செய்யேல்லை. தும்புத்தடி பட்டாலும் பட்டதுதானே?"

சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் தன் கடிதத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இவ்வளவும் வாசித்துவரும்போது, 'பனிக் காலத்தில் ஒருவரையும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாதே, சட்டம் இருக்கிறதே' என்று உங்கள் நாக்கு நுனிக்கு ஏதாவது வந்ததா? அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. உங்களுக்கு அதைச் சொன்னது யார்? நீங்கள் அதை யார் யாருக்குச் சொன்னீர்கள்? ஆறுதலாக யோசியுங்கள். அதற்கிடையில் போன் அடித்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். உங்கள் சட்டத்தை நம்பி, யாரோ ஒரு ட்ரைவ்வேயில் நிற்கக்கூடும்.