ஆவிக்குக் கை ஓடவில்லை

மூடிப்போன சினிமாக் கொட்டகைக்கு மறுபடி நல்ல காலம் பிறந்திருந்தது. முன்பு நடிகர்களைப் பார்க்கத் தள்ளுமுள்ளு; இப்போது செத்தவர்கள் பேசுவதைக் கேட்க. செத்தவர்களைத் தன் உடம்பில் இறக்கிப் பேசவைக்கும் தாடிக்கார ஆவி ஐயா வந்ததிலிருந்து ஊரில் உயில் எழுதுவதே வேண்டாத வேலையாகிவிட்டது. அப்பா வீட்டை யாருக்குக் கொடுக்க நினைத்தார்? வளையல் எந்த மருமகளுக்கு? டோக்கன் வாங்கினால் போதும், போனவரே வந்து சொல்லிவிட்டுப் போவார். எந்த அப்பா வந்தாலும், டோக்கன் வாங்கிய பிள்ளைக்கே வீட்டைக் கொடுத்தார் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. ஆவிகளுக்கு அப்படியொரு விசுவாசம்!

அன்று முன்வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மடியில் அண்ணன் மகள் பாப்பா. பக்கத்தில் பாப்பாவின் பள்ளி டீச்சர்.

அத்தையின் சின்னண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. வெல்டிங் பட்டறை வைத்துப் பிழைத்தவர். மனைவி போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தார். மகளுக்கும் காது கேட்காது. அப்பாவும் மகளும் கையாலேயே கதை பேசி, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானம் ஆவார்கள். திடீரென்று ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை.

உடனே பெரியண்ணனுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது; பாப்பாவைத் தானே வளர்ப்பதாகச் சொன்னார். மனை வாங்கி விற்கும் தரகர் அவர். தம்பியிடம் தண்ணீர் கேட்கக்கூடச் சைகை கற்றுக்கொள்ளாதவர். பட்டறை கடைத்தெரு முனையில் இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"உயில் இல்லேன்னா எல்லாமே பாப்பாவுக்குத்தான்" என்று வக்கீலம்மா அத்தையிடம் சொல்லியிருந்தார். "வளர்க்கிறவங்க சும்மா காவலுக்கு நிக்கிறவங்க. அது யாருன்னு கோர்ட்டு சொல்லும். நீங்க ஒதுங்கிட்டீங்கன்னா உங்க அண்ணனுக்கு வேலை சுலபம்."

ஒதுங்க வைக்கத்தான் பெரியண்ணன் டோக்கன் வாங்கினார். அது அத்தைக்கும் தெரியும். தெரிந்தும் வந்தாள். சின்னண்ணனுக்குக் குரல் என்று ஒன்று இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்த ஆசைதான்.

விளக்குகள் அணைந்தன; மேடையில் ஒரு அகல் மட்டும் எரிந்தது. ஆவி ஐயா உடம்பை முறுக்கினார், உறுமினார்.

"தங்கச்சீ... நான்தாம்மா உன் சின்னண்ணன்! குழந்தையைப் பெரியண்ணன்கிட்ட விட்டுடும்மா. பட்டறையையும் அவரே பாத்துக்கட்டும்!"

"பேசாதவருக்குப் பேச்சு வந்துடுச்சு!" என்று கொட்டகை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அத்தைக்கும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சின்னண்ணன் அவளைத் தங்கச்சி என்றா கூப்பிடுவார்? காது மடலை இழுத்துக் காட்டுவார். அதுதான் அவளுக்கு அவர் வைத்த பெயர். அவள் மேடையைப் பார்த்தாள். ஆவி ஐயாவின் இரண்டு கைகளும் மரக்கட்டைபோல முழங்காலில் கிடந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் லைட்டைப் போடுங்க."

"வெளிச்சம் ஆவிக்கு ஆகாதும்மா!" என்று சீடன் பதறினான்.

"ஆயுசு பூரா வெல்டிங் வெளிச்சத்துல நின்ன மனுஷன். உங்க பல்பு என்ன பண்ணிடும்?"

யாரோ சிரித்தார்கள். யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"வாய் புதுசா வந்திருக்கு, சந்தோஷம். பழகின கை எங்க போயிடும்? பாப்பா கையால ஏதாவது சொல்லட்டும். என்ன சொன்னான்னு சின்னண்ணன் சொல்லட்டும். சரியா இருந்தா இன்னைக்கே ஒதுங்கிடறேன்."

பெரியண்ணன் மேடையைப் பார்த்தார், மேடை பெரியண்ணனைப் பார்த்தது. எடுத்துக்கொடுக்க இரண்டு பேருக்குமே பாஷை தெரியாது.

டீச்சர் சைகையில் விளக்க, பாப்பா மேடையேறினாள். ஆவி ஐயாவின் முகத்தைக் கிட்டத்தில் போய் உற்றுப் பார்த்தாள். தன் மோவாயைத் தடவினாள், கன்னத்தோரம் விரலால் கிள்ளி இழுத்தாள், கையைத் தொங்கவிட்டு ஆட்டினாள்.

ஆவி ஐயாவின் குரல் தழுதழுத்தது. "அப்பா கன்னத்தைத் தடவணும்னு கேக்கறாளே என் செல்லம்! பெரியப்பா வீட்டுக்குப் போறேன்னு சொல்றாளே!"

டீச்சர் எழுந்தார். "அவ அதைச் சொல்லலைங்க. 'உங்க தாடி ஒரு ஓரமா பிரிஞ்சு தொங்குது'ன்னு சொல்றா."

கொட்டகையே எக்கிப் பார்த்தது. தொங்கத்தான் செய்தது. பாப்பாவுக்கு இரக்க மனசு. ஒட்டிவிடலாம் என்று கை வைத்தாள். தாடி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

"அடப்பாவி! எனக்கு ஏரிக்குள்ள மனை காட்டினவன் இவன்தானே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கூட நின்ன தரகர் இதோ, இவரு!"

பெரியண்ணன் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியேறினார். அவரை முந்திக்கொண்டு ஓடினார் ஆவி.

நீதிமன்றத்தில் நீதிபதியம்மா, டீச்சர் மூலம் பாப்பாவையே கேட்டார்: யாரோடு இருக்க விருப்பம்? பாப்பா காது மடலை இழுத்துக் காட்டினாள். அத்தைதான் காப்பாளர் என்று தீர்ப்பானது. பட்டறை பாப்பாவின் பெயரிலேயே இருக்கும். கோர்ட்டைக் கேட்காமல் யாரும் அதை விற்கவும் முடியாது.

ஆவி ஐயா இப்போது வேறு ஊரில் இருக்கிறாராம். அங்கேயும் கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போகும் முன் வீட்டில் உயிரோடு இருக்கிற பிள்ளை என்ன சொல்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதற்கு டோக்கன் வேண்டாம்; மூளை இருந்தால் போதும்.