காது கறுத்த எலி

கூண்டைக் கழுவலாமென்று திறந்ததுதான் தாமதம், வெள்ளெலி சலூன்காரரின் சட்டைக் கைக்குள் புகுந்து, காலர் வழியாக வெளியே வந்து, ஜன்னலைத் தாண்டித் தோட்டத்தில் மறைந்தது.

அது அவர் மனைவியின் செல்லம். அக்கா வீட்டுக்குப் போயிருந்தவள் மறுநாள் வருகிறாள்.

அந்த வீட்டில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அவருடைய மஞ்சள் கேனரிக் குருவி உசத்தியா, அவளுடைய எலி உசத்தியா?

"என் குருவி பாடும். உன் எலி என்ன பண்ணும்?"

"என் கையை மோந்து பாத்தே என்னைக் கண்டுபிடிக்கும். உங்க குருவி ரேடியோ மாதிரி. யார் வந்தாலும் பாடும்."

"யார் வந்தாலுமா? நான் விசிலடிச்சாத்தான் அது வாயையே திறக்கும்!"

வழக்கில் தோற்பதுகூடப் பரவாயில்லை. எலி போய்விட்டது தெரிந்தால் அவள் அழுவாள். அதை அவரால் பார்க்க முடியாது.

தோட்டத்தில் பிஸ்கட்டைத் தூவினார். எறும்புதான் வந்தது. எறும்பை விரட்டத் தண்ணீரைப் பீய்ச்சினார். சேறு தெறித்து, காயப்போட்டிருந்த திரைச்சீலை பாழானது.

கடைசியில் செல்லப்பிராணிக் கடைக்கு ஓடி, இன்னொரு வெள்ளெலி வாங்கினார்.

"வீட்ல தெரிய வேணாம்ப்பா."

கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

பழைய எலிக்கு இடது காது கறுப்பு. அதனாலென்ன, கைத்தொழில் இருக்கிறதே! தலைமுடி மையைக் குழைத்துப் பூசினார். எலி உதறியதில் மை அதன் கன்னத்துக்கும் இறங்கியது. ஷாம்பு போட்டார். மை போகவில்லை, எலி பஞ்சு உருண்டையாக உப்பியதுதான் மிச்சம்.

மனைவி வந்ததும் கூண்டுக்குள் கையை நீட்டினாள். எலி மோந்து பார்த்து, உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, என்னை மறக்கவேயில்ல! கொஞ்சம் குண்டாயிடுச்சு, காதுக் கறுப்பும் கன்னத்துக்கு இறங்கிடுச்சு."

அவருக்குப் போன உயிர் வந்தது. "நீ சொன்னதுதான் சரி. எலிதான் உசத்தி."

"சேச்சே, உங்க குருவிதாங்க உசத்தி!" என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாக.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இப்படி விட்டுக்கொடுத்ததில்லை. நிறைந்த மனதோடு அவர் கேனரிக்குத் தினை வாங்கப் போனார்.

"எலி ஒட்டிக்கிச்சா சார்?" என்றார் கடைக்காரர்.

"வித்தியாசமே தெரியலப்பா! எலிக்கென்ன, எது இருந்தாலும் ஒண்ணுதான். குருவி அப்படியில்ல. வேற குருவியை வச்சு என்னை ஏமாத்த முடியுமா? குரலை வச்சே கண்டுபிடிச்சிடுவேன்."

கடைக்காரர் தினையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "போன மாசம் கேனரி வாங்கிட்டுப் போறப்ப உங்க வீட்டம்மாவும் அதுக்குத்தான் சார் பயந்தாங்க."