முப்பத்திமூன்றாவது பல்

பல் மருத்துவர் ஆக விரும்புகிறவருக்குப் பல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது என்றொரு கருத்து முன்பு நிலவியது. அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கவே அரசாங்கம் நுழைவுத் தேர்வு என்று ஒன்றை ஏற்படுத்தியது. வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று மணி நேரம், இருநூறு கேள்விகள், நூறு இடங்கள். எழுதுகிறவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால் தலை சுற்றும், ஆகவே விட்டுவிடுவோம்.

இந்தத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள் டாக்டரம்மா. இது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்தது. முதல் வருஷம் புத்தகமும் கையுமாக அவள் போய் வந்தபோது தெரு பெருமையோடு அப்படிக் கூப்பிட்டது. இரண்டாவது வருஷம் கேலியாகக் கூப்பிட்டது. மூன்றாவது வருஷம் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் வராததால் கூப்பிட்டது. நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது என்பது விதி. இந்த முறையும் போனால் இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அவள் அப்பா பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க பாரிஸ் சாந்தில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. மேசையில் ரோஜா நிற மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, சின்னச் சின்னக் கத்திகள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவர் செய்து கொடுப்பார். வயதில் இளைய டாக்டர்கள்கூட அவரை "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு டாக்டராவது தன்னை "அப்பா" என்று கூப்பிட்டு வேலை சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் மகள் மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

முடிவு வந்தது. ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது.

விடைக்குறிப்பை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது நாற்பத்தேழாவது கேள்வியில் விரல் நின்றது. "வளர்ந்த மனிதரின் வாயில் உள்ள பற்களின் எண்ணிக்கை யாது?" அவள் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தாள். அரசின் விடை முப்பத்திமூன்று.

"அச்சுப் பிழைம்மா, நேர்ல போய்ச் சொன்னா திருத்திருவாங்க" என்றார் அப்பா. அரசாங்கத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இருந்தது. அலமாரியிலிருந்து பல்செட் பொருத்திய மேல்தாடையும் கீழ்த்தாடையுமாக நல்ல ஜோடி ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

தேர்வாணைய அலுவலகத்தில் ஆட்சேபணைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. ஆட்சேபிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாடியிலேயே மனம் மாறிவிடுவார்கள் என்பதால் அங்கே கூட்டம் குறைவு. எழுத்தர் மனுவை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஆதாரம் எங்கே?"

அப்பா துணியைப் பிரித்துத் தாடையை மேசைமேல் வைத்தார். எழுத்தர் பேனா முனையால் தொட்டு எண்ணினார்.

"இருபத்தெட்டுதானே இருக்கு?"

"செட்டுல கடைசிக் கடவாய்ப்பல் நாலையும் வைக்கிறதில்லைங்க. அதையும் சேர்த்தா முப்பத்திரண்டு."

"அப்ப நீங்களே இருபத்தெட்டு செஞ்சுட்டு முப்பத்திரண்டுன்னு சொல்றீங்க. அரசாங்கம் முப்பத்திமூணு சொன்னா மட்டும் கேள்வி கேக்கறீங்க."

"சார், வாயைத் திறந்து எண்ணினா தெரிஞ்சிடுமே!" என்றாள் டாக்டரம்மா.

எழுத்தர் நியாயவான். எண்ணிவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். முதலில் மனுதாரரின் வாய். இருபத்தெட்டு. ஞானப்பல் இன்னும் முளைக்கவில்லை. அடுத்து அப்பாவின் வாய். முப்பத்தொன்று, ஒன்று பிடுங்கியது. எழுத்தருக்கு இருபத்தொன்பது. பக்கத்து மேசை அம்மாவுக்கு முப்பது, அதிலும் ஒன்று ஆடியது. விஷயம் கேள்விப்பட்டு எழுந்து வந்த பிரிவுத் தலைவர் தன் பற்களை மொத்தமாகக் கழற்றிக் கையில் கொடுத்தார். இப்படியாக மூன்றாவது மாடி முழுவதும் எண்ணப்பட்டு, முடிவுகள் ஒரு தாளில் பதிவு செய்யப்பட்டன.

பிரிவுத் தலைவர் பற்களை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். "இந்த அலுவலகத்துல பதினாறு வாய் பாத்தாச்சு. ஒரு வாயிலகூட முப்பத்திரண்டு இல்லை. நீ எந்த ஆதாரத்துலம்மா முப்பத்திரண்டுன்னு எழுதின?"

"சார், முப்பத்திமூணும் யாருக்கும் இல்லையே?"

"அது விடைக்குறிப்புல இருக்கு. விடைக்குறிப்புக்கு ஆதாரம் வேண்டியதில்லை. ஆட்சேபணைக்குத்தான் ஆதாரம் வேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். "அந்த விடைக்குறிப்புல பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா. ஒரு கையெழுத்து தப்பாகலாம். பதினோரு கையெழுத்து எப்படித் தப்பாகும்?"

திரும்பும்போது அப்பா தாடையை மறுபடி துணியில் சுற்றினார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆனால் அவர்கள் மனு வீண்போகவில்லை. அலுவலகத்தில் எதுவும் வீண்போவதில்லை, ஏதாவது ஒன்றாக மாறித்தான் வெளியே வரும். மூன்று மாதம் கழித்து வல்லுநர் குழுவின் சுற்றறிக்கையாக அது வந்தது. "மேற்படி முப்பத்திமூன்றாவது பல் குறித்துச் சில தரப்பினரிடையே ஐயம் எழுந்துள்ளது கவனத்துக்கு வந்துள்ளது. அப்பல் மேலண்ணத்தின் நடுவில், முளைக்காத நிலையில், அனைவருக்கும் உள்ளது என இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது. வரும் ஆண்டு முதல் அப்பல்லைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்கப்படும்."

மறுநாளே பயிற்சி மையத்தின் வாசலில் பலகை மாறியது: முப்பத்திமூன்றாம் பல் சிறப்பு வகுப்பு. மையத்தை நடத்தியவரை எல்லாரும் சார் என்று கூப்பிட்டார்கள். முப்பது பேர் உட்காரும் அறையில் தொண்ணூறு பேரை உட்காரவைத்து, அவர்கள் கேட்கும் சந்தேகத்தை நெருக்கத்தினாலேயே தீர்த்துவிடும் திறமை அவருக்கு இருந்தது.

"சார், அந்தப் பல் எங்க சார் இருக்கு?" என்று டாக்டரம்மா எழுந்து கேட்டாள்.

"பாடத்திட்டத்துல இருக்கு."

"வாயில?"

"வாய் பாடத்திட்டத்துல இல்லை. உக்காரு. இருக்கா இல்லையான்னு கேக்கறது ஆராய்ச்சி. அதுக்கு எத்தனை வேர்னு கேக்கறது பரீட்சை. எழுதிக்கோங்க, ரெண்டு வேர்."

எதிர்த் தெரு மையத்தில் மூன்று வேர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மையத்துப் பிள்ளைகளும் பேருந்து நிறுத்தத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவின் பக்கத்து பெஞ்சுக்காரி மட்டும் நோட்டை மூடி வைத்துவிட்டாள். அவளுக்கும் இது கடைசி முறைதான். "எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுவேன். இல்லாத பல்லுக்கு வேர் எண்ண என்னால ஆகாது" என்றாள். டாக்டரம்மாவுக்கு அவள்மேல் மரியாதை வந்தது. மரியாதையோடு சேர்ந்து கொஞ்சம் நிம்மதியும் வந்தது, போட்டியில் ஒருத்தி குறைந்தாளே என்று.

இதற்குள் விஷயம் தேர்வைத் தாண்டிப் போய்விட்டது. முளைக்காத பல் எல்லாருக்கும் இருக்கிறதென்றால், முளைத்த பல் சிலருக்காவது இருக்க வேண்டாமா? வசதியானவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் ஜவுளிக்கடை முதலாளி பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அந்த இன்னொரு பல் ஒண்ணு வச்சுக் குடுங்க."

"எங்கங்க வைக்கிறது?"

"அண்ணத்துல. ஆனா சிரிச்சா வெளியே தெரியணும்."

"சாப்பிட முடியாதுங்களே. பேச்சும் குழறும்."

"குழறட்டும். நாலு பேர் என்னன்னு கேப்பான்ல?"

அப்பா முடியாது என்று சொல்லி அனுப்பினார். அவர் தொழிலே பொய்ப்பல்தான். ஆனால் இருந்து விழுந்த பல்லுக்குப் பதிலாகத்தான் இதுவரை வைத்திருக்கிறார், இல்லாத பல்லுக்குப் பதிலாக வைத்ததில்லை. இந்தக் கொள்கை பதினைந்து நாள் நீடித்தது. பதினாறாம் நாள் பயிற்சி மையத்துச் சாரே வந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். மகள் அவரிடம் படிக்கிறாள். அப்பா மெழுகைச் சூடாக்கினார்.

அப்புறம் கை ஓயவில்லை. ஊரில் முக்கியமானவர்கள் எல்லாரும் குழறிப் பேசினார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் "இன்றைய தெய்திகள்" என்றார். பல் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கண்ணாடி முன் நின்று குழறப் பழகினார்கள். தெளிவாகப் பேசுகிறவனைப் பார்த்தால், பாவம், நடுத்தரக் குடும்பம் போலிருக்கிறது என்று விலகிப் போனார்கள்.

தேர்வு நாளும் வந்தது. நுழைவுச் சீட்டின் பின்பக்கம் பதினான்காவது விதி புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது: "தேர்வர் தன் நாக்கால் தன் பற்களை எண்ணுவது, அங்கீகரிக்கப்படாத நூலைப் பார்த்து எழுதுவதாகவே கருதப்படும்." வாசலில் எல்லாருடைய வாயிலும் நாக்குக்கு இரண்டு பக்கமும் பஞ்சுச் சுருளைத் திணித்தே உள்ளே விட்டார்கள். அறைக் கண்காணிப்பாளர் கேள்வித்தாளைப் பார்க்கவில்லை, கன்னங்களைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார். முன்வரிசையில் ஒருவனுடைய கன்னம் லேசாக அசைந்தது.

"என்ன பண்ற?"

அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். எச்சில் விழுங்கியிருக்கிறான்.

"எத்தனை தடவை?"

அவன் ஒரு விரலைக் காட்டினான்.

"எண்ணியிருக்கே! எழுந்திரு."

அவனை வெளியே கூட்டிப்போனார்கள். அறையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. டாக்டரம்மாவும் நிமிரவில்லை, பன்னிரண்டாவது கேள்வியில் இருந்தாள். பற்களின் எண்ணிக்கை யாது? முப்பத்திரண்டு என்ற வட்டத்துக்குப் பக்கத்திலேயே முப்பத்திமூன்று என்ற வட்டம், நடுவில் அரை விரல் இடைவெளி. எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே பட்டறைத் தரையில் உட்கார்ந்து தாடைகளை எண்ணி விளையாடியவள் அவள். அவமானமாக இருந்தது. கூசிக் கூசிப் பேனாவை நகர்த்தி, முப்பத்திமூன்றைக் கறுப்பாக்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பல்லின் வேர், நரம்பு, முளைக்கும் காலம் எல்லாம் கடகடவென்று வந்தன.

ஏழாவது இடம்! அப்பா மதிப்பெண் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கேள்விக்கு என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தெரு பழையபடி பெருமையோடு டாக்டரம்மா என்று கூப்பிட்டது. முப்பத்திரண்டு எழுதிய பக்கத்து பெஞ்சுக்காரி நகலெடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கல்லூரியின் முதல் வகுப்பு. பேராசிரியை மேசைமேல் ஒரு மண்டையோட்டை வைத்தார். நிஜமானது, பல் ஒன்றுகூட உதிராதது. அவர் குழறாமல் பேசியதைக் கேட்டு மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க இதுவரைக்கும் படிச்சது உள்ள வர்றதுக்கு. வந்துட்டீங்க. இனிமே பயப்பட ஒண்ணுமில்லை. ஒவ்வொருத்தரா வாங்கி, விரல் வச்சு எண்ணுங்க. அப்புறம் சொல்லுங்க."

மண்டையோடு கைமாறிக் கைமாறி நூறு பேரிடமும் போய் வந்தது. டாக்டரம்மா இரண்டு முறை எண்ணினாள். இரண்டு முறையும் முப்பத்திரண்டு. எத்தனை நாளாகத் தேடிய ஆதாரம்!

"எத்தனை?" என்றார் பேராசிரியை.

டாக்டரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். முப்பத்திமூன்று என்று எழுதியவர்கள் நூறு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்திரண்டு என்று எழுதியவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. முப்பத்திரண்டுதான் சரி என்றால் விடைக்குறிப்பு தப்பு. விடைக்குறிப்பு தப்பு என்றால் பட்டியல் தப்பு. பட்டியல் தப்பு என்றால் நகலெடுக்கும் கடையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து இந்த நாற்காலியில் உட்காருவாள்.

அவள் எழுந்து நின்றாள். பேராசிரியையின் முகம் மலர்ந்தது.

"முப்பத்திமூணு மேடம். இதுல ஒண்ணு கீழே விழுந்திருக்கு."

நூறு பேரும் மூச்சு விட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். நாலைந்து பேர் சட்டென்று குனிந்து பெஞ்சுக்கடியில் தேட ஆரம்பித்தார்கள், பிறகு எல்லாருமே குனிந்தார்கள். பேராசிரியை கொஞ்ச நேரம் தனியாக நின்றார். அறையில் நின்றுகொண்டிருப்பவர் தான் ஒருவர் மட்டும்தான் என்பது உறைத்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரும் குனிந்தார்.

அந்த நூறு பேரும் இப்போது டாக்டர்கள். கைராசிக்காரர்கள் என்று பெயர், வாசலில் எப்போதும் கூட்டம். உங்களுக்குப் பல்வலி தாங்காமல் போகும் நாளில் நீங்கள் வாயைத் திறந்துகொண்டு உட்காரப்போவது அவர்களில் ஒருவரிடம்தான். விளக்கை இழுத்து உள்ளே பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறதே என்பார். நீங்களும் அது எப்போது விழுந்தது என்று யோசிப்பீர்கள்.